கேட்காமல் தூங்க வைத்தேன்

சென்ற மாதம், என்னிடம் படித்த நிவேதா ஒரு படம் அனுப்பியிருந்தாள். அறுவை அரங்கில் படுத்திருக்கும் ஒருவரின் நெற்றியில் இரண்டு பட்டைகள் ஒட்டியிருக்கின்றன. அவற்றிலிருந்து போகும் ஒயர் ஒரு திரையில் முடிகிறது. மூளையின் இரு பக்கங்களிலும் ஆக்சிஜன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அந்தத் திரை எண்ணில் காட்டுகிறதாம். "உங்க காலத்துல இதெல்லாம் இல்லாம எப்படி மேடம் தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்று கேட்டிருந்தாள். தெரிந்துகொள்ளவில்லை என்பதுதான் சரியான பதில். அதை மட்டும் அனுப்பினால் திமிராகப் படுமோ என்று தோன்றியது. எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். அது நீண்டுகொண்டே போய் இந்தக் கட்டுரையாகிவிட்டது.

நான் மயக்க மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சென்னையில் படித்ததைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நிறைய படித்தேன், நிறைய பயந்தேன், டிப்ளமோ வாங்கினேன். எண்பதுகளின் நடுவில் கல்யாணமாகித் திண்டிவனம் வந்தேன். கணவர் அங்கே பள்ளியில் கணக்கு வாத்தியார். எனக்கு வேலை கிடைத்தது விழுப்புரத்தில், முப்பது படுக்கை கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையில். இன்று அது இல்லை, பெயரும் தேவையில்லை. தினமும் காலை பஸ்ஸில் போய் மாலை திரும்புவேன். அப்போது என் மகளுக்கு ஒன்பது மாதம். பகலில் நாத்தனார் பார்த்துக்கொண்டார்.

எங்கள் அரங்கில் இருந்தது மயக்கம் கொடுக்கும் பழைய பாயில்ஸ் இயந்திரம் ஒன்று. இரண்டு ஆக்சிஜன் உருளை, இரண்டு நைட்ரஸ் ஆக்சைடு உருளை, கையால் அமுக்கும் கறுப்பு ரப்பர் பை. அதன் நடுவே, ஆவியாகி மயக்கும் ஹாலோதேன் மருந்தை ஊற்றும் ஒரு சின்னக் கண்ணாடிக் குடுவை. குடுவையின் மேல் ஒரு நெம்பு, அதற்கு மூன்று கோடுகள். முதல் கோடு இலேசு, மூன்றாவது கோடு ஆழம். நோயாளி வெளியே விடும் காற்றை அறைக்கு வெளியே கொண்டுபோக எந்த வழியும் கிடையாது. அவர் மூச்சு விட்டதில் மிச்சத்தை நாங்கள் எல்லோரும் சுவாசித்தோம். மாலையில் என் தலைமுடியில் அந்த இனிப்பு வாசனை இருக்கும். வீட்டுக்கு வந்து குழந்தையை மடியில் போட்டுப் பால் கொடுத்தால் அது சீக்கிரமே தூங்கிவிடும். மற்ற தாய்மார்கள் இதற்குச் சந்தோஷப்பட்டிருப்பார்கள். நான் அதன் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன்.

எங்கள் மூத்த மயக்க மருத்துவர் டாக்டர் தேவசகாயம். அரசு வேலையில் ஓய்வு பெற்றுவிட்டு இங்கே வந்தவர். குரலை உயர்த்த மாட்டார். நோயாளியின் தலைமாட்டில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். ஸ்டெதாஸ்கோப்பின் வாயை நோயாளியின் நெஞ்சில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருப்பார். மறுமுனை அவர் காதில் இருக்கும். ஒரு கை பையில். மற்றக் கையின் நடுவிரல், நோயாளியின் காதுக்கு முன்னால் துடிக்கும் நாடியில். மணிக்கட்டை அவர் நம்ப மாட்டார். "கைக்கு எவ்ளோ போகுதுன்னு எனக்கு எதுக்கும்மா? தலைக்குப் போற ரோட்டுல உக்காந்து எண்ணு" என்பார். அந்த நேரத்தில் நாம் ஏதாவது கேட்டால் "ம்" என்பார், அவ்வளவுதான். பத்து மணிக்குக் கேட்ட கேள்விக்குப் பன்னிரண்டு மணிக்குக் கை கழுவும்போது சரியான பதில் வரும்.

அவர் ஏற்படுத்திய வழக்கம் ஒன்று உண்டு. தூங்க வைக்கும் முன், நோயாளி தன் தொழிலில் நன்றாக அறிந்த ஒன்றைச் சொல்லச் சொல்வார். அதைக் கேஸ் தாளின் மேல் ஓரத்தில் பென்சிலால் எழுதுவார். விழித்ததும் அதையே மறுபடி கேட்பார். இதற்கு நாங்கள் முன்கேள்வி என்று பெயர் வைத்திருந்தோம். தையற்காரரிடம் ஒரு சட்டைக்கு எவ்வளவு துணி என்று கேட்போம். டீக்கடைக்காரரிடம் பத்து டீக்கு எவ்வளவு பால் என்று கேட்போம். ஒருமுறை குடலிறக்கத்துக்கு வந்த பஸ் கண்டக்டர் ஒருவர், விழுப்புரம் முதல் திண்டிவனம் வரை நிறுத்தங்களை ஒப்பித்துவிட்டுத் தூங்கினார். விழித்ததும் கூட்டேரிப்பட்டை விட்டுவிட்டார். தேவசகாயம் அவரை வார்டுக்கு அனுப்ப மறுத்துவிட்டார். அரை மணி கழித்து மறுபடி கேட்டார்.

"கூட்டேரிப்பட்டு என்னாச்சுப்பா?"

"அங்க எறங்க ஆளு இல்ல சார். ரைட் சொல்லிட்டேன்" என்றார் கண்டக்டர், கண்ணைத் திறக்காமல்.

"சரி, கூட்டினு போங்க" என்றார் தேவசகாயம்.

ஹாலோதேனைப் பற்றி எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. மூளைக்கு ரத்தம் குறையும்போது இந்த வாயு அதற்கு நண்பனா, எதிரியா? புத்தகங்கள் இரண்டையும் சொல்லின. ஒருநாள் மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தபோது தேவசகாயத்திடம் கேட்டேன்.

"இப்ப என்னென்ன ஆஃப் பண்ணியிருக்காங்க, சொல்லு" என்றார்.

"ஃபேன், வராண்டா லைட்டு, ஆபீஸ் ரூம், தண்ணி மோட்டார்."

"எதை ஆஃப் பண்ணல?"

"தியேட்டர் லைட்டு. மருந்து வைக்கிற ஃபிரிட்ஜ்."

"மூளையும் அப்படித்தாம்மா. செலவுல பாதிக்கு மேல வேலைக்கு. பேச, யோசிக்க, பயப்பட. மீதி, செல்லு சாகாம சும்மா உயிரோட இருக்க. ரத்தம் கொறைஞ்சா மொதல்ல வேலை நிக்கும். இன்னும் கொறைஞ்சாத்தான் சாவும். நடுவுல ஒரு இடம் இருக்கு. மூளை சத்தமே போடாது, ஆனா உயிரோட இருக்கும். ஹாலோதேன் ஃபேனை மட்டும் ஆஃப் பண்ணும். ஃபிரிட்ஜைத் தொடாது."

"அப்போ ரத்தம் கொறையறப்ப அது நல்லதுதானே சார்?"

"ஃபேனை ஆஃப் பண்றவனே டீசல் டேங்கையும் ஓட்டை போடறானே. பி.பி.யை இறக்கறதும் அதுதானே? மூளை கேக்கறதையும் கொறைக்குது, அதுக்குக் குடுக்கறதையும் கொறைக்குது. எது முந்துதுங்கறதுதான் விஷயம்."

"எது சார் முந்தும்?"

"எனக்குத் தெரியாதும்மா."

தெரியாது என்று அவ்வளவு சாதாரணமாகச் சொன்ன மூத்தவர் ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை. அந்தத் தைரியத்தில் இன்னொன்றையும் கேட்டேன். "தினமும் இதைச் சுவாசிக்கிறேன் சார். என் பாலில் வருமா?" "கொஞ்சம் வரலாம். எவ்ளோன்னு நான் படிச்ச எதுலயும் இல்ல. வெளிய போயி பத்து நிமிஷம் காத்தாட நின்னுட்டு பஸ் ஏறு" என்றார். அதன்பின் தினமும் மருத்துவமனை வாசலில் பத்து நிமிடம் நின்றேன். அதனால் எத்தனையோ பஸ்களை விட்டிருக்கிறேன்.

அஞ்சலை வந்தது ஒரு பிற்பகல், இரண்டு மணிக்கு மேல். தேவசகாயம் திண்டிவனத்தில் ஒரு கேஸுக்குப் போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன். அஞ்சலை கெடாரிலிருந்து வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும், கூலி வேலை. காலையில் வயலில் மயங்கி விழுந்திருக்கிறாள். கணவர் ஏழுமலையும் இன்னும் இருவரும் வாடகைக் காரில் கொண்டுவந்தார்கள். கண்ணின் உள்பக்கம் காகிதம்போல வெளுத்திருந்தது. வயிறு உப்பி, தொட்டால் துடித்தாள். கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து, உள்ளே ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. பி.பி. அறுபது. அறுவை செய்யும் டாக்டர் கமலம் கையுறை போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். "எவ்ளோ நேரம் வேணும் உனக்கு?" என்றார்.

இரண்டு கைகளிலும் ஊசி ஏற்றி சலைன் ஓட விட்டேன். கேட்டமின் என்ற மயக்க ஊசியைக் கொஞ்சமாகக் கொடுத்து, மூச்சுக்குழாயில் ரப்பர் குழாய் செருகினேன். எல்லாம் வேகமாக நடந்தது. முன்கேள்வி கேட்க அரை நிமிடம் போதும், அந்த அரை நிமிடம் எனக்குத் தோன்றவே இல்லை. அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது "தண்ணி". நான் "அப்புறம்" என்றேன்.

சலைன் ஏறியதும் பி.பி. தொண்ணூறுக்கு வந்தது. நாடி வேகமெடுத்தது, கண்ணோரத்தில் நீர் கசிந்தது. மயக்கம் போதவில்லை என்று அர்த்தம். ஹாலோதேன் நெம்பை முதல் கோட்டுக்கு நகர்த்தினேன். கமலம் வயிற்றைத் திறந்தார். உள்ளே அடைபட்டிருந்த ரத்தம், மூடி போன குடத்துத் தண்ணீர்போல வெளியே பாய்ந்தது. அதுவரை அந்த ரத்தமே உள்ளிருந்து அழுத்தி ஓட்டையை ஓரளவு பிடித்து வைத்திருந்தது. இப்போது அதுவும் போயிற்று. என் விரலுக்கடியில் காதோர நாடி மெலிந்து நூலாகி, பிறகு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போயிற்று. பி.பி. கருவியின் பாதரசம் எங்கும் நிற்காமல் கீழே இறங்கியது.

நைட்ரஸை மூடினேன். ஆக்சிஜனை முழுக்கத் திறந்தேன். மேஜையின் தலைப்பக்கத்தை இறக்கினேன். இரண்டு பாட்டில்களையும் பிசைந்து ஓட்டினேன். பி.பி. ஏற்றும் ஊசியைக் கொடுத்தேன். கண்மணி சற்றே விரிந்தது. ஸ்டெதாஸ்கோப் வழியே காதில் இதயத்தின் சத்தம் மட்டும் எங்கோ அடுத்த வீட்டில் உரலில் இடிப்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தது. சிஸ்டர் ரோசலின், வயிற்றிலிருந்த ரத்தத்தைச் சுத்தமான கரண்டியால் மொண்டு, எட்டு மடிப்பு காஸ் துணியில் வடிகட்டி, உறையாமலிருக்க மருந்து போட்ட பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த ரத்தத்தையே அவள் கைக்குத் திருப்பி ஏற்றினோம். வெளியிலிருந்து வேறு ரத்தம் வர நேரமில்லை. அப்போது வார்டில் ஒரு குழந்தை அழுதது. என் மார்பில் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. உடம்புக்கு வேளை தெரியவில்லை.

கமலம் ஓட்டையைப் பிடித்துவிட்டார். விரலுக்கடியில் நூல் மறுபடி வந்தது. சுவர்க் கடிகாரப்படி ஏழு நிமிடம்.

மாலை நாலரைக்கு மேல் கேஸ் தாளை நிரப்ப உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம். கேட்டமின் கொடுத்த நேரம், குழாய் செருகிய நேரம், ஹாலோதேன் திறந்த நேரம் எல்லாம் எழுதினேன். ஹாலோதேன் மூடிய நேரம் வந்ததும் பேனா நின்றது. மூடினேனா? நைட்ரஸை மூடியது கையில் நினைவிருக்கிறது, அந்தத் திருகு கடினம். நெம்பைத் தொட்டது நினைவில் இல்லை. ஆனால் எல்லாம் முடிந்து பார்த்தபோது அது மூடியிருந்தது.

"சிஸ்டர், நீங்க மூடினீங்களா?"

"நான் தலைமாட்டுப் பக்கம் வரவே இல்லையே டாக்டர். கைல கரண்டி."

அந்த ஏழு நிமிடமும் திறந்திருந்ததா? திறந்திருந்தால், விழுந்துகொண்டிருந்த பி.பி.யை நான் இன்னும் கீழே தள்ளியிருக்கிறேன். அல்லது, ரத்தமில்லாத அந்த நேரத்தில் அவள் மூளையை ஆக்சிஜன் கேட்காமலிருக்க வைத்து, அதைக் காப்பாற்றியிருக்கிறேன். என் ஒரே மறதி இந்த இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். குற்ற உணர்வைவிட, அந்த மண்டைக்குள் அப்போது என்ன நடந்தது என்ற ஆவல்தான் என்னை அதிகம் பிடித்துக்கொண்டது. இதை ஒப்புக்கொள்ள இன்றும் சங்கடமாக இருக்கிறது.

ஆறு மணிக்குத் தேவசகாயம் வந்தார். அஞ்சலை அதற்குள் கண் விழித்திருந்தாள். தானே மூச்சு விட்டாள், கையை அமுக்கச் சொன்னால் அமுக்கினாள். அவர் தாளின் மேல் ஓரத்தைப் பார்த்தார். பென்சில் எழுத்து இல்லை.

"முன்னாடி கேட்டியாம்மா?"

"இல்ல சார். கேக்கல."

அவர் தாளைக் கட்டிலில் வைத்தார். அவள் பக்கம் குனிந்து, "அஞ்சல, மல்லாட்டை எந்த மாசம் வெதைப்பீங்க?" என்றார். அந்தப் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்.

அவள் கூரையைப் பார்த்தாள். அவர் இன்னும் இரண்டு தடவை கேட்டார். மெதுவாக, வேறு வார்த்தைகளில். அவள் கண் இமைத்தாள், அவரை ஒருமுறை பார்த்தாள், திரும்பவும் கூரையைப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் நான் ஹாலோதேன் நெம்பைப் பற்றிச் சொன்னேன். மூடிய நேரத்துக்கு நேராக "தெரியவில்லை" என்று எழுதச் சொன்னார். "அந்தப் பொண்ணு ஏன் பேசலங்கறதுக்கு என்னால ஆறு காரணம் சொல்ல முடியும்" என்றார். "கேட்டமின். ரத்தம் போனது. பி.பி. விழுந்தது. ஹாலோதேன். வலி. இல்ல, எப்பவுமே இப்படித்தான். கடைசிக் காரணம் உண்மையா பொய்யான்னு சொல்லத்தான் முன்கேள்வி."

அடுத்த நாள் ஏழுமலையை வராந்தாவில் பிடித்தேன்.

"உங்க வீட்டம்மா எப்பவுமே கம்மியாத்தான் பேசுவாங்களா?"

"ஆமாங்க."

"கூப்பிட்டா உடனே பதில் சொல்ல மாட்டாங்களா?"

"ஆமாங்க."

"அப்போ பழையபடிதான் இருக்காங்க?"

"ஆமாங்க டாக்டரம்மா. நல்லா இருக்குதுங்க."

எனக்கு நிம்மதியாக இருந்தது. பஸ்ஸில் ஏறி மயிலம் தாண்டும்வரை அந்த நிம்மதி இருந்தது. பிறகு, நான் கேட்ட மூன்று கேள்விகளுமே ஒரே பதிலுக்குத்தானே வழி வைத்தன என்று தோன்ற ஆரம்பித்தது.

மூன்றாம் நாள் அஞ்சலையிடமிருந்து ஒரு வாக்கியம் வந்தது. நான் நாடி பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பார்வை என் ரவிக்கையில் நின்றது. "வூட்ல கைக்கொழந்தையா?" என்றாள். "ஆமாம்" என்று சேலையை இழுத்துவிட்டுக்கொண்டேன். அவளுக்குக் கல்யாணமாகி நான்கு வருடம் என்றும், இதுதான் முதல் கரு என்றும் தாளில் இருந்தது. அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. தாளில் "கேள்வி கேட்கிறாள்" என்று மட்டும் எழுதினேன். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து கண்மணியைப் பார்த்தேன். வயிறு சரியாகி வந்தது. மற்றபடி அவள் பேசவில்லை, சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், திரும்பு என்றால் திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு கெடாருக்குப் போனேன். கணவருக்கு இது புரியவில்லை. "ஆபரேஷன் பண்ண டாக்டர் போகல, நீ எதுக்குப் போற?" என்றார். "அவங்க வயித்தைப் பாத்தாங்க. தலை என் பொறுப்பு" என்றேன். விழுப்புரத்தில் செஞ்சிப் பக்கம் போகும் பஸ் மாறினேன். கெடாரில், புளியமரத்தடியில் ஏழெட்டுப் பெண்கள் விதைக்காக மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். அஞ்சலையோடு கூலிக்குப் போகிறவர்கள். அவர்களில் மூத்தவளாகத் தெரிந்த பச்சையம்மாளிடம் நான் யாரென்று சொன்னேன்.

"அஞ்சலைக்கு இன்னா ஆச்சு?" என்று எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

"நல்லா இருக்காங்க. ஒண்ணு தெரிஞ்சுக்கணும். அவங்க எப்பவுமே கம்மியா பேசறவங்களா?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரிப்பு கிளம்பியது.

"அவளா? அவ வாய மூடிக்கினு இருந்தா ஊருக்கே ஜொரம்னு அர்த்தம்" என்றாள் பச்சையம்மாள். "யாருங்க சொன்னது உங்களுக்கு?"

"அவங்க வீட்டுக்காரர்தான். கேட்டேன், ஆமாங்கன்னு சொன்னாரு."

சிரிப்பு இன்னும் பெரிதாகிவிட்டது. ஒருத்தி முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவன கேட்டீங்களா? அவனுக்கு அவ வச்ச பேரே 'ஆமாங்க'தான். நீங்க நெலா பச்சையான்னு கேட்டாலும் ஆமாங்கன்னுவான். ஊர்ல அவ பேர் வைக்காத ஆளே கெடையாது டாக்டரம்மா. தோ, இவ பேரு தம்பட்டம். தபால்காரரு பேரு நாளைக்கி. எனக்கு வச்ச பேரு சொல்லக் கூடாது."

"ஏன்?"

"கொழந்த இருக்குதில்ல கைல."

இப்போது முன்கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அந்த மரத்தடியில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, என்னால் மட்டும் சிரிக்க முடியவில்லை. வாசலில் நுழைபவரைப் பார்த்த மாத்திரத்தில் பெயர் வைக்கும் ஒரு மூளை என்னிடம் வந்தது. சாப்பிடு என்றால் சாப்பிடும் ஒன்றை நான் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். ஏழு நிமிடத்தில் முதலில் போவது எது? கை, கால், பசி எல்லாம் தங்கி, கேலி மட்டும் போய்விடுமா? அப்படி ஒரு இடம் மூளையில் இருக்கிறதா? திரும்பும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். குழந்தை என் தாலிக் கொடியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே வந்தது.

தேவசகாயம் எல்லாவற்றையும் கேட்டார். தாளின் மேல் ஓரத்தில் பென்சிலால் "பேர் வைப்பாள்" என்று எழுதினார். "பின்னாடி வந்த முன்கேள்வி. பரவால்ல. இனிமே பதிலுக்குக் காத்திரு" என்றார்.

எட்டாம் நாள் தையல் பிரித்து அனுப்பினோம். அஞ்சலை கும்பிட்டுவிட்டுப் போனாள். இரண்டு வாரம் கழித்து வந்தாள், ஏழுமலையோடு. முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது, பேச்சு இல்லை. வேலைக்குப் போகிறாயா என்றேன். "போறேங்க" என்றாள். அவ்வளவுதான். அந்த நாட்களில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். தேவசகாயம் சென்னையிலிருந்து பழைய மருத்துவ இதழ்களைக் கட்டாகக் கொண்டுவந்து தருவார். ஐசோஃப்ளுரேன் என்ற புதிய வாயு ஒன்று வந்திருந்தது. எங்கள் பக்கம் அதை யாரும் பார்த்ததுகூட இல்லை. அது கொடுத்திருக்கும்போது, ஹாலோதேனைவிடக் குறைந்த ரத்த ஓட்டத்திலும் மூளை அலைகள் தாக்குப்பிடிப்பதாக எழுதியிருந்தார்கள். அலை நிற்பது வேறு, செல் சாவது வேறு, ஒன்றை வைத்து மற்றதைச் சொல்லாதே என்றும் சிலர் எழுதியிருந்தார்கள். கருத்துகள் ஒன்றோடொன்று மோதின. நான் பென்சிலால் அடிக்கோடு போட்டேன். எந்த இதழிலும் அஞ்சலைக்குப் பதில் இல்லை.

ஒன்றரை மாதம் கழித்து அவள் கடைசிப் பரிசோதனைக்கு வந்தபோது கூட பச்சையம்மாள் வந்திருந்தாள். கமலம் வயிற்றைப் பார்த்துச் சரி என்றார். நான் நாடி பார்த்தேன், பி.பி. எடுத்தேன், கண்ணின் உள்பக்கம் பார்த்தேன். தலைவலி உண்டா, மறதி உண்டா என்று கேட்டேன். இல்லை, இல்லை. வேறு கேட்க எதுவும் இல்லாமல் கதவுவரை போனேன். பி.பி. எண்ணைச் சரியாகப் பார்த்தேனா என்று சந்தேகம் வந்தது. திரும்பினேன்.

"இன்னொரு தடவை பி.பி. பாத்துடறேன், அஞ்சலை."

அவள் பச்சையம்மாளைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தவில்லை.

"நான் சொல்லல? இவங்கதான் மறுக்கா டாக்டரு. வாசப்படி வரிக்கும் போவாங்க, மறுக்கா வருவாங்க. படுத்துக்கினு இருந்த எட்டு நாளும் எண்ணிக்கினே இருந்தேன். ஒரு நாளுல பதினோரு தபா."

நான் பி.பி. கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"எட்டு நாளுமா?"

"பின்ன? வேற இன்னா வேல எனக்கு?"

"மொத நாள் சாயந்திரம் பெரிய டாக்டர் வந்து கேள்வி கேட்டாரே, அது ஞாபகம் இருக்கா?"

அவள் முகம் மாறியது. கேலி போய்விட்டது.

"இருக்காம இன்னா? என் வயித்துல இருந்தத எடுத்துப் போட்டுட்டு, மல்லாட்ட எப்ப வெதப்பன்னு கேட்டாரு. மூணு தபா கேட்டாரு. அந்த ஆளுகிட்ட இன்னாத்த சொல்றது? கூரைய பாத்துக்கினு படுத்துட்டேன்." சற்று நிறுத்தி, "மல்லாட்ட டாக்டரு" என்றாள்.

பச்சையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பச்சையம்மாளைத் தனியாக வராந்தாவுக்கு அழைத்துப் போய்க் கேட்டேன். இதைக் கேட்டது சரியா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

"இது பழைய அஞ்சலைதானா? வைக்கிற பேரு முன்ன மாதிரி இருக்கா?"

பச்சையம்மாள் அவசரப்படாமல் யோசித்தாள்.

"உங்களுக்கு வச்சது சுமாருங்க. மூஞ்சிக்கு நேரா சொல்றதால கொஞ்சம் மரியாத கலந்துட்டா. பெரிய டாக்டருக்கு வச்சது நல்லா இருக்குது."

"அப்போ பழையபடிதான்?"

"பழையபடின்னா? புள்ள போன பொம்பள எங்கங்க பழையபடி இருப்பா? வாயி வந்துடுச்சி. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

ஏழு நிமிடமும் அந்த நெம்பு திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஹாலோதேன் அவளைக் கெடுத்ததா, காத்ததா, எதுவும் செய்யாமல் விட்டதா என்பதும் தெரியாது. ஆனால் அந்தக் கூரையைப் பார்த்த மாலையில் அவளுக்குள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் கேட்ட கேள்வியை எடை போட்டு, பதில் சொல்ல லாயக்கில்லாதது என்று அவள் முடிவெடுத்திருக்கிறாள். அதை நாங்கள் மூளைக் குறைவு என்று நினைத்து ஆறு காரணம் சொன்னோம். அந்த ஆறில் துக்கம் இல்லை.

திரும்ப அறைக்குள் வந்தேன். அஞ்சலை ஸ்டூலில் உட்கார்ந்து கையை மேஜைமேல் நீட்டி வைத்திருந்தாள்.

"இன்னா, மறுக்கா பாக்கணும்னீங்க. ஜல்தி பாருங்க, பஸ்ஸு போயிடும்."

பட்டையைச் சுற்றினேன். நூற்றுப் பத்துக்கு எழுபது. முதலில் எடுத்ததும் அதேதான்.

"சரியா இருக்குதா?"

"சரியா இருக்கு."

பட்டையை அவிழ்த்துச் சுருட்டினேன். அவர்கள் எழுந்து போனார்கள். நான் மறுபடி கூப்பிடவில்லை.